கை பிரேக் இழுத்தாயிற்று, வண்டி நின்றதா?

விடியற்காலை நான்கரை மணி. மண்டியிலிருந்து லோடு ஏற்றி வந்த குட்டி யானை கடை வாசலில் வந்து நிற்கிறது. ஓட்டுநர் கை பிரேக்கைக் கரகரவென்று இழுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் நடக்கிறார். லோடுமேன் பின்கதவை இறக்கி முதல் அரிசிச் சிப்பத்தை முதுகில் வாங்குகிறார். நம்மில் அநேகம் பேர் கடையில் அன்றாடம் நடக்கும் காட்சி இது. அந்த நேரத்தில் ஒன்றரை டன் எடையை நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பது எது என்று நாம் யோசிப்பதில்லை. பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு கம்பிக் கயிறுதான் அது.

இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவருக்கு மலையடிவாரத்து ஊரில் கடை. தெருவே சரிவு. ஒருநாள் காலை அவருடைய வண்டி பின்பக்கம் பள்ளத்தைப் பார்க்க நின்றிருந்தது. ஐந்து மூட்டைகள் இறங்கிவிட்டன. ஆறாவது மூட்டைக்காக இன்னொரு லோடுமேன் வண்டி மேல் தாவி ஏறினார். "அண்ணாச்சி, வண்டி நகருது!" என்று சத்தம் வந்தபோது அண்ணாச்சி கல்லாவில் சில்லறை எண்ணிக் கொண்டிருந்தார். வண்டி ஓடியது நான்கடி தூரம்தான். ஆனால் அந்த நான்கடிக்குள் ஒருவர் நின்றிருந்தார். வண்டியின் பின்பகுதிக்கும் கடைப் படிக்கும் நடுவில் அவர் கால் சிக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலைக்கு வர முடியவில்லை.

ஓட்டுநர் மேல் எல்லோரும் பாய்ந்தார்கள். ஆனால் கை பிரேக் இழுத்தபடியேதான் இருந்தது. அதை அண்ணாச்சியே பார்த்தார். பிறகு பின்சக்கரங்களைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கால் பிரேக் வேறு, கை பிரேக் வேறு

நம் வண்டியில் இரண்டு பிரேக்குகள் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 96ஆவது விதியே அப்படித்தான் கேட்கிறது: காலால் இயக்கும் பிரேக் ஒன்று, நிறுத்தி வைக்கும் பிரேக் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று நம்பியிருக்கக் கூடாது.

கால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தம் போகிறது. வண்டி ஓடும்போது இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் ஆயில் அழுத்தத்தை மணிக்கணக்கில் அப்படியே பிடித்து வைப்பது நடவாத காரியம். எங்காவது ஒரு ரப்பர் சீல் வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் இறங்கிவிடும். அதனால்தான் நிறுத்தி வைக்கும் வேலையை ஆயிலிடம் கொடுக்காமல் கம்பியிடம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு நன்மையும் இதில் உண்டு. ஆயில் முழுவதும் ஒழுகிக் கால் பிரேக் செத்துப்போனாலும் கை பிரேக் தனியே வேலை செய்யும்.

கை பிரேக்கை மேலே தூக்கும்போது கேட்கும் கரகர சத்தம் என்ன? கைப்பிடியின் அடியில் ரம்பம் போலப் பல் வெட்டிய ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. அதன் மேல் ஒரு சிறிய கொண்டி ஒவ்வொரு பல்லாக ஏறி விழுகிறது. இழுப்பை விட்டாலும் கைப்பிடி திரும்பக் கீழே இறங்காமல் தடுப்பது அந்தக் கொண்டிதான். நுனியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் கொண்டி பல்லை விட்டு விலகும், கைப்பிடி இறங்கும்.

கைப்பிடியின் மறுமுனையில் கேபிள். அது வண்டியின் அடிப்பக்கமாகப் பின்னால் போய் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் ஒரு சிறு தண்டு உண்டு. நம் தராசுத் தண்டு மாதிரிதான் அதுவும். நாம் இழுக்கும் விசையை இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஒரு பக்கத்துக் கேபிள் துருப்பிடித்து இறுகிவிட்டால் இந்தப் பங்கு கெட்டுப்போகும். முத்திரை போடாத தராசில் வியாபாரம் செய்த கதைதான்.

கேபிளின் கடைசி நுனி பின்சக்கரத்து டிரம்முக்குள் போகிறது. அங்கே வளைந்த இரண்டு ஷூக்கள். அவற்றின் மேல் லைனிங் ஒட்டியிருக்கும். கேபிள் இழுபட்டதும் உள்ளே இருக்கும் சிறு நெம்புகோல் ஒரு ஷூவை ஒரு பக்கமும், நடுவில் இருக்கும் கட்டைக் கம்பியின் வழியாக மற்றொரு ஷூவை எதிர்ப்பக்கமும் தள்ளுகிறது. லைனிங் டிரம்மின் உட்சுவரில் அழுந்துகிறது. சக்கரம் நிற்கிறது. காலால் மிதிக்கும்போது ஆயில் தள்ளுவதும் இதே ஷூக்களைத்தான். தள்ளும் வழிதான் வேறு.

கவனிக்க வேண்டியது, நம் ஊர்ச் சிறு வண்டிகளில் கை பிரேக் பிடிப்பது பின்சக்கரங்கள் இரண்டை மட்டுமே. முன்சக்கரங்கள் சும்மா உருளும்.

எல்லா வண்டியிலும் அமைப்பு ஒன்றுபோல இருக்காது. பழைய வில்லிஸ் ஜீப்பில் கை பிரேக் சக்கரத்தையே பிடிக்காது. கியர் பெட்டிக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாப்ட் மேல் ஒரு டிரம் வைத்து அதைப் பிடிக்கும். சில இலகு லாரிகளிலும் இந்த முறை உண்டு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் போதும், ஷாப்ட் நின்றிருந்தாலும் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் உருண்டு வண்டி நகர்ந்துவிடும். பஞ்சர் பார்க்கும்போது நேரும் விபத்துகளுக்கு இது ஒரு காரணம். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் வெகுகாலமாக இடது காலால் மிதிக்கும் தனி மிதி வைத்திருந்தார்கள். பழைய டொயோட்டா ஹைலக்ஸில் டாஷ்போர்டுக்கு அடியில் இழுக்கும் பிடி. இப்போது பொத்தானை அமுக்கினால் சிறு மோட்டார் பிரேக்கை இறுக்கும் வண்டிகளும் ஓடுகின்றன.

மொத்த வியாபாரிகளின் குடோனுக்கு வரும் பெரிய லாரியின் கணக்கு முற்றிலும் தலைகீழ். காற்று பிரேக் வண்டியில் பலமான ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிரேக்கை இறுக்கவே பார்க்கும். காற்றழுத்தம்தான் அதைத் தடுத்து வைத்திருக்கும். காற்று இறங்கினால் பிரேக் தானே விழும். காலையில் என்ஜினை ஓடவிட்டுக் காற்று ஏறும்வரை லாரி ஓட்டுநர் காத்திருப்பது இதனால்தான். அந்தப் பாதுகாப்பு நம் சிறு வண்டிக்குக் கிடையாது. இங்கே கம்பி தளர்ந்தால் பிரேக்கும் தளரும்.

சரிவு எவ்வளவு இழுக்கும்?

இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். பத்தடி நீளத்துக்கு ஓரடி இறங்கும் சரிவு என்றால், வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அதைக் கீழே இழுக்கிறது. வண்டியும் சரக்கும் சேர்த்து 1500 கிலோ என்றால் 150 கிலோ இழுப்பு. பின்னால் மூன்று மூட்டை கயிற்றில் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 13ஆம் எண் ஒழுங்குவிதி, நிறுத்தி வைக்கும் பிரேக் 18 சதவீதச் சரிவில் முழு லோடோடு வண்டியைப் பிடிக்க வேண்டும் என்கிறது. அதாவது 100 அடிக்கு 18 அடி ஏற்றம். சரக்கு வண்டியில் அதற்கு 60 கிலோவுக்கு மேல் கையால் இழுக்க வேண்டியிருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 1500 கிலோ வண்டிக்கு அந்தச் சரிவில் இழுப்பு ஏறக்குறைய 265 கிலோ. புது வண்டிக்கு இது பெரிய காரியமல்ல.

ஆனால் முழு லோடு என்று விதி சொல்வது ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடையை. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குக் குறித்த சுமை 750 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையானால் பதினைந்து. நம் மார்க்கெட்டில் அந்த வண்டியில் பதினைந்து மூட்டையோடு நிறுத்தியவர் எத்தனை பேர்? இருபத்தைந்து ஏற்றி, அதன் மேல் இரண்டு எண்ணெய் டின்னும் வைத்து, ஓட்டுநரிடம் "தம்பி, பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புகிறவர்கள்தானே நாம்! சரக்கு ஏற ஏற இழுப்பும் அதே விகிதத்தில் ஏறுகிறது, கம்பியும் லைனிங்கும் பழையதுதான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் கூடுதல் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதத்துக்குப் பயப்படுகிற நாம் பிரேக்குக்காகவும் கொஞ்சம் பயப்படலாம்.

காலி வண்டிக்குப் பயமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பிக்கப் வண்டியில் சரக்கு இல்லாதபோது என்ஜினும் கேபினும் முன்னால் இருக்க, பின்சக்கரங்கள் இலேசாகத்தான் தரையைத் தொட்டுக் கொண்டிருக்கும். முகம் பள்ளத்தைப் பார்த்து நின்றால் எடை இன்னும் முன்னால் சாயும். கை பிரேக் பின்சக்கரத்தை நன்றாகவே பிடித்திருக்கும். ஆனால் மழை ஈரத்திலோ, மணல் சிந்திய சிமெண்டுத் தரையிலோ பூட்டிய சக்கரம் அப்படியே சறுக்கிக்கொண்டு போகும். இது பிரேக்கின் குற்றமல்ல.

டிரம்முக்குள் என்ன இருந்தது?

அண்ணாச்சியின் வண்டிக்கு வருவோம். இடது டிரம்மைத் திறந்தபோது லைனிங் முழுக்க எண்ணெய். பின் ஆக்சிலின் ஆயில் சீல் தேய்ந்து, கியர் ஆயில் உள்ளே வழிந்திருந்தது. எண்ணெய் தடவிய கையால் பாட்டிலைப் பிடிப்பது போலத்தான் அந்தச் சக்கரம் பிடித்துக் கொண்டிருந்திருக்கிறது. வலது டிரம்மில் எண்ணெய் இல்லை, லைனிங்கும் இல்லை. அது தேய்ந்து ரிவெட் தெரிந்தது.

அப்படியானால் கை பிரேக் எப்படி இறுக்கமாக இருந்தது? அந்த வருடத்தில் இரண்டு தடவை "கை பிரேக் லூசாக இருக்கிறது" என்று ஒர்க் ஷாப்பில் விட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் டிரம்மைத் திறக்காமல், அடியில் கேபிள் நட்டை மட்டும் நாலு சுற்றுச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. கைப்பிடி கைக்கு இறுக்கமாகத் தெரிந்தது. எல்லோருக்கும் திருப்தி.

நம் அன்பர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடி அதிகம் மேலே வருகிறது என்றால் பெரும்பாலும் கேபிள் நீண்டுவிட்டதாக அர்த்தமில்லை. லைனிங் தேய்ந்து டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது என்றே அர்த்தம். முதலில் டிரம்மைத் திறந்து பார்த்து, ஷூவைச் சரிசெய்து, கடைசியாகத்தான் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை முதலில் இறுக்கினால் உள்ளே இருக்கும் நெம்புகோல் ஏற்கெனவே பாதி வழி இழுபட்ட நிலையில் நிற்கும். தானாக இடைவெளியைச் சரிசெய்யும் அமைப்பு உள்ள வண்டியானால் அது வேலை செய்யாமலும் போகலாம். தவிர, லைனிங் எப்போதும் டிரம்மை உரசிக்கொண்டே ஓடி, சூடேறி, டீசலைத் தின்னும்.

கேபிளும் கெடாமல் இல்லை. உறைக்குள் தண்ணீரும் மண்ணும் புகுந்து துருப்பிடிக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்திலிருந்து உப்பு ஏற்றும் வண்டிகளும் மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளும் சீக்கிரம் பாதிக்கப்படும். உப்பு நீர் பலகை இடுக்கில் சொட்டிச் சொட்டி நேரே அடிப்பாகத்துக்குத்தான் போகிறது. துருப்பிடித்த கேபிள் இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. கை பிரேக்கை இறக்கிய பிறகும் ஒரு சக்கரம் பாதி பிடித்தபடியே ஓடும். வண்டி வந்து நின்றதும் பின்சக்கரம் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் மெக்கானிக்கிடம் விட வேண்டிய நேரம் வந்துவிட்டது. "கை பிரேக் தேய்ந்துவிடும், கியரில் போட்டால் போதும்" என்று அதைத் தொடாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் வண்டியில்தான் கேபிள் முதலில் இறுகிப்போகிறது.

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கை நம்புவதும் பிசகு. கைப்பிடி மேலே இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். சக்கரம் பிடித்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

சோதிப்பதும் நிறுத்துவதும்

எத்தனை 'கிளிக்' சத்தத்தில் கை பிரேக் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் எழுதியிருக்கும். வண்டிக்கு வண்டி அது மாறும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கேபினில் ஒட்டிவிட்டால் ஓட்டுநர் மாறினாலும் கவலையில்லை. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் டிரம்மைத் திறக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, வண்டிக்குப் பின்னாலும் முன்னாலும் ஆளில்லாத மெதுவான சரிவில், பாதி லோடோடு நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, காலைப் பிரேக் மிதிக்கு மேலேயே வைத்தபடி மெல்ல எடுத்துப் பார்க்கலாம். முகம் மேட்டைப் பார்த்து ஒருமுறை, பள்ளத்தைப் பார்த்து ஒருமுறை. எப்.சி.க்குப் போகும் வாரத்தில் மட்டும் பிரேக் பார்ப்பது என்ற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மற்ற ஐம்பத்தொரு வாரமும் வண்டி நம் வாசலில்தான் நிற்கிறது.

நிறுத்தும் வரிசையிலும் விஷயம் உண்டு. கால் பிரேக்கில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கை பிரேக்கை முழுக்க இழுத்து, பிறகு கால் பிரேக்கை மெதுவாக விட வேண்டும். வண்டி அரை அங்குலம் அசைந்து கை பிரேக்கின் மேல் உட்காரும். உட்காராமல் ஓடப் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும், காலும் பக்கத்திலேயே இருக்கும். உட்கார்ந்த பிறகு என்ஜினை நிறுத்தி கியரில் போட வேண்டும். முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். கியரில் முதலிலேயே போட்டுவிட்டால் கை பிரேக் பிடிக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

காலி வண்டியில் போட்ட கை பிரேக்கை, லோடு ஏறி முடிந்ததும் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடை கூடியிருக்கிறது, பட்டைகள் அமுங்கியிருக்கின்றன. ஆட்கள் ஏறி இறங்கும் அதிர்ச்சி வேறு.

ஸ்டியரிங்கைத் திருப்பி வைப்பதும் நல்லது. இடது ஓரமாக நிறுத்தி, முகம் பள்ளத்தைப் பார்த்தால் சக்கரத்தை இடது பக்கம் ஓரக்கல்லை நோக்கித் திருப்ப வேண்டும். முகம் மேட்டைப் பார்த்து, ஓரக்கல்லும் இருந்தால் வலது பக்கம். ஓரக்கல் இல்லாத தெருவில் எப்படி நின்றாலும் இடது பக்கமே. நம் கடைத்தெருக்களில் ஓரக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சாக்கடைதான் இருக்கிறது. சாக்கடையில் சக்கரம் இறங்கினால் வண்டியைத் தூக்கலாம். நடுத்தெருவில் ஓடினால் அது முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல் முட்டுக்கட்டை. வழியில் கிடைத்த உருண்டைக் கல்லை உதைத்துத் தள்ளுவது முட்டுக்கட்டை ஆகாது. கல் புரளும், சிதறும். கிளம்பும்போது அதை அப்படியே ரோட்டில் விட்டுப் போனால் இருட்டில் வரும் மொபெட்காரர் விழுவார். ஆப்பு வடிவில் அறுத்த கட்டியான மரத்துண்டு, டயர் உயரத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம், டயரோடு ஒட்டி, இரண்டு சக்கரங்களுக்கு வைக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு ஜாக்கி போடும்போது முன்சக்கரங்களுக்கு வைக்க வேண்டும்.

பாட்டரி வண்டி வாங்கியவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். டீசல் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினால் என்ஜினுக்குள் இருக்கும் காற்றின் எதிர்ப்பு சக்கரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். மின் மோட்டாரில் அந்த எதிர்ப்பு கிடையாது. நிறுத்தியதும் அது தாராளமாகச் சுற்றும். தனிப் பூட்டு அமைப்பு இல்லாத மின் வண்டியில் கை பிரேக் ஒன்றுதான் காவல்.

சட்டம் யாரைக் கேட்கும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 126ஆவது பிரிவு, பொது இடத்தில் வண்டி நின்றிருந்தால் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும் என்கிறது. இல்லையேல் என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு வழியிலோ வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். "ஓட்டுநர் டீ சாப்பிடப் போயிருந்தார்" என்பது பதிலாகாது. நின்ற வண்டிதானே என்றும் சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்தில் 1987இல் நெடுஞ்சாலையோரம் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டாங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்துப் பலர் இறந்தனர். அந்த வழக்கில் 1991இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வண்டி ஓடாமல் நின்றாலும் அது 'உபயோகத்தில்' இருப்பதாகவே கொள்ளலாம் என்றது. ஆகவே இழப்பீட்டுப் பொறுப்பு வண்டிக்காரரையும் இன்ஷூரன்ஸையும் விடாது. இன்ஷூரன்ஸ் காலாவதியான வண்டியானால் உரிமையாளர் தலையில்தான் விடியும்.

அண்ணாச்சி அந்த லோடுமேனுக்கு ஆஸ்பத்திரிச் செலவையும் மூன்று மாதக் கூலியையும் கொடுத்தார். அவர் இப்போது மீண்டும் அதே கடையில்தான் மூட்டை இறக்குகிறார். கடை ஷட்டருக்குப் பக்கத்தில் இரண்டு மர ஆப்புகள் சங்கிலியில் தொங்குகின்றன. எந்த வண்டி வந்தாலும், யார் ஓட்டி வந்தாலும், அந்த ஆப்புகளைத் தன் கையால் வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் அவர் பின்கதவின் கொக்கியைக் கழற்றுகிறார்.